சுற்றிய துணியே அடையாளம்

டிசம்பர் முடிகிற ஒவ்வொரு முறையும் சபையில் ஒரு புலம்பல் கேட்கிறது. ‘இந்த வருஷமும் கிறிஸ்துமஸ் ஓட்டத்திலேயே போய்விட்டது, மனசுக்குள் ஒன்றும் இறங்கவில்லை’ என்று. புலம்புகிறவர்கள் மேல் தப்பில்லை. மாத முதல் வாரமே கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கிவிடுகிறது. பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு ஒரு பக்கம், ஞாயிறு பள்ளி நாடக ஒத்திகை ஒரு பக்கம். துணி எடுக்க வேண்டும், தைக்கக் கொடுக்க வேண்டும், வாசலில் ஸ்டார் கட்ட வேண்டும், அக்கம்பக்கத்துக்குப் பலகாரம் கொடுத்தாக வேண்டும். எல்லாம் முடித்துவிட்டு 25ஆம் தேதி அதிகாலை ஆராதனையில் புதுத்துணியோடு வந்து உட்கார்ந்தால், பிரசங்கத்தின் இரண்டாவது நிமிடத்தில் கண் சொருகுகிறது. இதற்குப் பிரசங்க பீடத்திலிருந்து வழக்கமாக வரும் பதில், ஓட்டத்தை நிறுத்துங்கள், அமைதியில் ஆண்டவரைத் தேடுங்கள் என்பது. நல்ல பதில்தான். ஆனால் அது கேட்பவரின் முகத்தைத் தப்பான திசைக்குத் திருப்பிவிடுகிறது என்பது என் எண்ணம். பரபரப்பு ஓய்ந்த இடத்தில் கிறிஸ்து பிறக்கவில்லை. பரபரப்பின் நடுவில்தான் பிறந்தார். நம் வேலைகளுக்கு வெளியே அவரைத் தேடிக்கொண்டிருக்கும்போது, வேலைக்குள்ளே வந்து படுத்திருப்பவரைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது தேவதூதரில் தொடங்கவில்லை, ஓர் அரசாணையில் தொடங்குகிறது. அகுஸ்துராயன் குடிமதிப்பு எழுதச் சொல்கிறான், ஜனங்கள் மூட்டை கட்டுகிறார்கள். நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். நிறைமாதக் கர்ப்பிணியான மரியாளோடு அந்தத் தூரத்தைக் கடந்து போனால் அங்கே இடமில்லை. நம் பழைய மொழிபெயர்ப்பு சத்திரம் என்று சொல்கிற இடத்தில் லூக்கா எழுதியிருக்கும் கிரேக்கச் சொல் ‘கட்டலுமா’. கடைசி இராப்போஜனம் நடந்த அறைக்கும் அவர் இதே சொல்லைத்தான் போடுகிறார். நல்ல சமாரியன் காயப்பட்டவனைக் கொண்டுபோய்ச் சேர்த்த சத்திரத்துக்கோ வேறு சொல். ஆகவே இது உறவுக்காரர் வீட்டின் விருந்தினர் அறையாக இருக்கலாம் என்று வேத அறிஞர் பலர் சொல்கிறார்கள். அப்படியானால் காட்சியே மாறிவிடுகிறது. கதவைச் சாத்திய கல்நெஞ்சக்காரச் சத்திரக்காரன் நம் ஞாயிறு பள்ளி நாடகத்தில் மட்டும்தான் இருக்கிறான், லூக்காவில் அவன் இல்லை. அங்கே இருப்பது ஊரிலிருந்து வந்த சொந்தபந்தங்களால் நிரம்பி வழியும் ஒரு வீடு. 24ஆம் தேதி இரவு கூடம் முழுக்கப் பாய் விரித்து, கால் வைக்க இடமில்லாமல் கிடக்கும் நம் வீடுகளைப் போல ஒரு வீடு.

அந்த இரவில் செய்தி யாருக்குப் போகிறது? வயல்வெளியில் மந்தையைக் காத்துக்கொண்டிருந்த மேய்ப்பர்களுக்கு. இன்றைய பேச்சில் சொன்னால் நைட் ஷிப்டில் இருந்தவர்களுக்கு. தேவாலயத்தில் ஜெபத்தில் நின்றவர்களைக் கூப்பிடாமல் வேலையில் நின்றவர்களைத் தேவதூதன் கூப்பிட்டிருக்கிறான். அவர்களுக்குக் கொடுத்த அடையாளம் என்ன என்று யோசித்திருக்கிறோமா? குழந்தையின் தலையைச் சுற்றி ஒளிவட்டம் இருக்கும் என்று தூதன் சொல்லவில்லை. துணியில் சுற்றியிருக்கும், முன்னணையில் கிடத்தியிருக்கும் என்றுதான் சொன்னான். ஒன்று துணி, இன்னொன்று மாட்டுக்குத் தீனி போடும் தொட்டி. அந்தத் துணியை யார் சுற்றினார்கள் என்பதையும் லூக்கா ஐந்து வசனங்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறார். மரியாள் பெற்றாள், மரியாளே சுற்றினாள், மரியாளே கிடத்தினாள். மருத்துவச்சி வந்ததாக ஒரு வார்த்தை இல்லை. பிரசவ வலி தீராத ஒரு தாய் தன் கையால் செய்து முடித்த வேலைதான் மேய்ப்பர்களுக்கு அடையாளமாகக் காட்டப்படுகிறது. வானத்திலிருந்து வந்த செய்திக்கு அத்தாட்சி ஒரு வீட்டுவேலை. கடவுள் மனிதரானார் என்று விசுவாசப் பிரமாணத்தில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோமே, அதன் பொருள் இவ்வளவு தூரம் கீழே இறங்குகிறது.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும், வர வேண்டும். ஆண்டவர் மார்த்தாளைக் கண்டிக்கவில்லையா? சமையலில் ஓடியவளைத் திருத்தி, காலடியில் உட்கார்ந்து கேட்டவளைப் பாராட்டவில்லையா? கண்டித்தார், உண்மை. எதற்காக என்று பாருங்கள். அடுப்பை அணைத்துவிட்டு வா என்று அவர் சொல்லவில்லை. பலவற்றையும் பற்றி அவள் கவலைப்பட்டுக் கலங்குவதைத்தான் எடுத்துச் சொன்னார். அவள் நிலையைக் குறிக்க லூக்கா போட்டிருக்கும் கிரேக்க வினைக்கு, நாலாபக்கமும் இழுபடுவது என்று பொருள். கை ஒரு வேலையில், கண் தங்கை மேல், மனது குறையில். இதே மார்த்தாளை யோவான் பன்னிரண்டாம் அதிகாரத்தில் மறுபடியும் காட்டுகிறார். லாசரு கல்லறையிலிருந்து எழுந்து வந்தபின் பெத்தானியாவில் ஒரு விருந்து. அங்கேயும் மார்த்தாள்தான் பரிமாறுகிறாள். வேலை மாறவில்லை, பாத்திரமும் மாறியிருக்காது. இந்தத் தடவை அவளிடமிருந்து முறையீடு இல்லை, ஆண்டவரிடமிருந்து கண்டிப்பும் இல்லை. இரண்டு அதிகாரங்களையும் பக்கத்தில் வைத்துப் படிக்காமல் மார்த்தாளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். அதிலும் பிரசங்கம் முடிந்ததும் நேரே சாப்பாட்டுக்குப் போய் உட்காரும் ஆண்கள் ஏற்றுவது இன்னும் அநியாயம்.

வேலை செய்வதற்கும் இழுபடுவதற்கும் உள்ள வித்தியாசம் அச்சு முறுக்கு சுடுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். அரிசி மாவில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் எள்ளும் கலந்து கரைத்தாயிற்று. அச்சு எண்ணெயிலேயே கிடந்து காய வேண்டும். காயாத அச்சில் மாவு பிடிக்காது. காய்ந்த அச்சை மாவில் முக்கும்போது முக்கால் பாகம்தான் முக்க வேண்டும். மேல்விளிம்பு மூழ்கிவிட்டால் மாவு அச்சை மூடிக்கொண்டுவிடும், பிறகு உதறினாலும் கழலாது. எண்ணெயில் இறக்கிச் சற்றுப் பொறுத்து ஓர் ஆட்டு ஆட்டினால் பூப்போலக் கழன்று மிதக்கும். இருநூறு முறுக்குக்கும் இருநூறு முறை இதே கவனம். அந்த நேரத்தில் போனை எடுத்தால் முறுக்கு சிவந்துவிடும், பக்கத்து வீட்டுக்காரர் போன வருஷம் எத்தனை அனுப்பினார் என்று கணக்குப் போட்டால் அச்சு ஆறிவிடும். மனம் ஒரே இடத்தில் நிற்பதற்குத் தியானம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அது அடுப்படியில் நடந்தால் மட்டும் அந்தப் பெயரைக் கொடுக்க மறுக்கிறோம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடுமையானது. வியாபாரம் பண்டிகையை விழுங்கிவிட்டது, வேதத்தில் தேதியே இல்லாத ஒரு நாளுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு, அடியோடு விட்டுவிடலாமே என்பது. தேதி இல்லை என்பது சரி. மாற்குவும் யோவானும் பிறப்பு நிகழ்ச்சியையே எழுதவில்லை. வேதத்தில் பாவிகள்தான் பிறந்தநாள் கொண்டாடியிருக்கிறார்கள் என்று பார்வோனையும் ஏரோதையும் காட்டி மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் வாதாடினார். டிசம்பர் 25 என்று குறிக்கும் மிகப் பழைய ஆவணங்களில் ஒன்று ரோமில் 354இல் தொகுத்த நாட்குறிப்பு. ஆனால் அடியோடு விடுவதையும் வரலாறு சோதித்துப் பார்த்திருக்கிறது. இங்கிலாந்து நாடாளுமன்றம் 1647இல் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தைச் சட்டம் போட்டு ஒழித்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659இல் கொண்டாடுகிறவர்களுக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்தார்கள், 1681இல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். 1647 கிறிஸ்துமஸ் அன்று கேன்டர்பரியில் வழக்கம்போல் சந்தை நடக்க வேண்டும் என்று மேயர் உத்தரவிட, திறந்த கடைகளின் சரக்கைக் கூட்டம் வாரி இறைத்தது, ஊரே கலவரமானது. இதில் உள்ள வேடிக்கையைக் கவனியுங்கள். பண்டிகையின் ஆரவாரத்தை ஒழிக்கப் புறப்பட்ட பக்திமான்கள், கடைசியில் கடையைத் திறந்துவை என்று கட்டளையிடுகிறவர்கள் ஆனார்கள். பண்டிகையை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் தியானம் வந்து உட்காரும் என்று நினைத்தார்கள், வந்து உட்கார்ந்தது இன்னொரு வேலை நாள்.

அப்படியானால் அமைதியே வேண்டாமா என்றால், வேண்டும். நடந்ததையெல்லாம் மரியாள் இருதயத்தில் வைத்துச் சிந்தித்தாள் என்கிறார் லூக்கா. அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்ப்பது என்று அர்த்தம். அந்த வாக்கியம் எங்கே வருகிறது? மேய்ப்பர்கள் வந்து நின்று பேச, கேட்டவர்கள் ஆச்சரியப்படுகிற இடத்தில். தனியறை கிடைத்தபின் யோசிக்கலாம் என்று அவள் தள்ளிவைக்கவில்லை, அப்போதே சேர்த்துவைத்தாள். ஆனாலும் நமக்கு அமைதி கிடைக்காமல் போவதற்கு வேலை மட்டும் காரணமில்லை, வரிசையை மாற்றிவிட்டோம் என்பதும் ஒரு காரணம். பண்டிகைக்கு முந்திய வாரங்கள் பழைய சபைக்கு நோன்புக் காலம். ஆர்த்தடாக்ஸ் சபைகள் பல இன்றைக்கும் நாற்பது நாள் நோன்பு இருக்கின்றன. கத்தோலிக்கர் அந்த வாரங்களைத் திருவருகைக் காலம் என்கிறார்கள், பீடத்தில் ஊதா விரிக்கிறார்கள். விருந்தும் பாட்டும் 25ஆம் தேதிதான் தொடங்கும். அங்கிருந்து ஜனவரி 6 திருக்காட்சித் திருநாள் வரை உள்ள பன்னிரண்டு நாளையும் பண்டிகை நாட்களாக 567இல் தூர் நகரில் கூடிய ஆயர் மன்றம் உறுதி செய்தது. நாமோ டிசம்பர் ஒன்றிலேயே விருந்தை ஆரம்பித்துவிட்டு, 26ஆம் தேதி ஸ்டாரின் ஒயரைச் சுற்றி அட்டைப்பெட்டியில் வைக்கிறோம். அரையாண்டு விடுமுறை இருக்கிறது, பலகாரம் மிச்சம் இருக்கிறது, ஸ்டார் இன்னும் எரியும். அந்தப் பன்னிரண்டு நாளில் குடிலுக்கு முன்னால் பாயைப் போட்டு உட்கார்ந்து லூக்காவின் முதல் இரண்டு அதிகாரங்களை வீட்டோடு படிக்க யார் தடை? ஆயத்தத்தின் ஓட்டத்திலேயே பண்டிகையின் நிறைவும் கிடைக்கவில்லையே என்று அழுவது, நாற்று நடுகிற அன்றே களத்தில் நெல் எங்கே என்று கேட்பது போல.

கடைசியாக ஒன்று. நம் கிறிஸ்துமஸின் மேய்ப்பர்கள் யார் என்று தேடினால் தையல் கடையில் கிடைப்பார்கள். 24ஆம் தேதி இரவு பதினொரு மணிக்கு அங்கே போய்ப் பாருங்கள். கம்பி முழுக்கச் சீட்டுக் குத்திய துணிகள், தரையில் கணுக்கால் உயரத்துக்கு வெட்டுத்துண்டுகள், மூலையில் ஒரு பையன் காஜா எடுத்துக்கொண்டிருக்கிறான். அந்தக் கடைக்காரர் கிறிஸ்தவராக இல்லாமலும் இருக்கலாம். ‘மீதியைப் பண்டிகை முடிந்ததும் தருகிறேன்’ என்று துணியை வாங்கிக்கொண்டு வருகிறவர் பெரும்பாலும் நாமாக இருப்போம். ஏழைக் கூலிக்காரனின் கூலியைப் பொழுது போகுமுன் கொடுத்துவிடு என்கிறது உபாகமம். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு. ஆராதனைக்குக் கிளம்பும் அந்தப் புதுத்துணியும் யாரோ ஒருவர் கையால் செய்து முடித்த வேலைதான். பெத்லகேமில் மேய்ப்பர்கள் துணியைப் பார்த்துத்தான் ஆண்டவரைக் கண்டுகொண்டார்கள். பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள் என்று எழுதி லூக்கா அவர்களை விட்டுவிடுகிறார். விடிந்ததும் ஆடுகளை எண்ணிப் பார்த்திருப்பார்கள், அதை அவர் எழுதவில்லை.