கதவைத் தட்டிய மூன்று பேர்

நாளைக்கு என்று உங்கள் டைரியில் என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள்? பத்து மணிக்கு பேங்க். பதினொன்றரைக்கு மீட்டிங். சாயங்காலம் பையனுக்கு ஷூ வாங்க வேண்டும். சரி, 'பத்தேகாலுக்கு எதிர்வீட்டுப் பெரியவர் மயங்கி விழுவார்' என்று எழுதியிருக்கிறீர்களா? எழுதியிருக்க மாட்டீர்கள். ஆனால், விழுகிறவர் உங்கள் டைரியைப் பார்த்துவிட்டா விழப்போகிறார்?

நான் படித்தது பி.காம். பட்ஜெட் போடும்போது கடைசியில் 'எதிர்பாராத செலவுகள்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லித் தருவார்கள். பணத்துக்கு அந்த வரியை ஒதுக்குகிற நாம், நேரத்துக்கு ஒதுக்குவதில்லை. அதனால்தான் யார் குறுக்கே வந்தாலும், 'சே, இந்த நேரம் பார்த்தா!' என்று எரிச்சல் வருகிறது.

கிறிஸ்தவ நண்பர்கள் இந்த இடத்தில் வேறு மாதிரி பேசுவார்கள். 'இது தடங்கல் இல்லைங்க, தேவ சித்தம். உங்க திட்டத்தைவிடப் பெரிய திட்டம் ஒண்ணு இருக்கு' என்பார்கள். கேட்க ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனால், உண்மையா? கொஞ்சம் உரசிப் பார்த்துவிடலாமே.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காட்பாடியில் வந்து நிற்கிற ரயில்களிலிருந்து, மொழி தெரியாத ஊரில் கையில் ரிப்போர்ட்டுகளோடு இறங்குகிற வங்காளத்துக் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஆஸ்பத்திரி ஒரு தடங்கலில் பிறந்தது.

ஐடா ஸ்கடர், 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா, அப்பா இருவரும் அமெரிக்காவிலிருந்து வந்த மிஷனரி டாக்டர்கள். 'எனக்கு இந்த வாழ்க்கை வேண்டாம்' என்பதில் ஐடா தெளிவாக இருந்தார். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்தார். அம்மா குணமானதும் கப்பலேற வேண்டியது, அவ்வளவுதான் திட்டம்.

ஒருநாள் ராத்திரி கதவு தட்டப்பட்டது. ஒரு பிராமணர். மனைவிக்குப் பிரசவ வலி, நிலைமை மோசம், உடனே வர வேண்டும் என்றார். 'எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாவை அனுப்புகிறேன்' என்றார் ஐடா. வேறு ஆண் தன் மனைவியைப் பார்க்கக்கூடாது என்று அவர் திரும்பிவிட்டார். பிறகு ஒரு முஸ்லிம் வந்தார். பிறகு இன்னொரு இந்து. மூவருக்கும் ஒரே தேவை, ஒரே மறுப்பு. விடிந்ததும் தெரிந்தது, மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

ஐடா அமெரிக்கா போனார். ஆனால், மருத்துவம் படிக்க. 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கிக்கொண்டு, 1900-ல் திரும்பி வந்தார். வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். 1902-ல் நாற்பது படுக்கைகளோடு ஆஸ்பத்திரி. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. மிச்சத்தை நீங்கள் காட்பாடி ஸ்டேஷனில் பார்க்கலாம்.

'பார்த்தீங்களா, எல்லாம் கடவுள் திட்டம்' என்று இங்கே கதையை முடிப்பது வழக்கம். எனக்கு இங்கேதான் கணக்கு உதைக்கிறது.

இரட்டைப் பதிவு முறையில் ஒரு பக்கம் வரவு எழுதினால், இன்னொரு பக்கம் பற்று எழுதியே ஆக வேண்டும். வரவுப் பக்கம் லட்சக்கணக்கான நோயாளிகள், சரி. பற்றுப் பக்கத்தில் மூன்று பெண்கள் இருக்கிறார்களே! ஓர் இளம்பெண்ணுக்கு வழிகாட்டுவதற்காக மூன்று தாய்மார்களைக் கடவுள் செலவு செய்தாரா? செய்தார் என்றால், அந்த மூன்று கணவர்களின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல நம்மில் யாருக்குத் தைரியம் உண்டு?

பதிலுக்கு பைபிளின் யோசேப்பிடம் போவோம். அண்ணன்களால் விற்கப்பட்டு, எகிப்தில் அடிமையாகி, செய்யாத குற்றத்துக்கு ஜெயிலுக்குப் போய், கடைசியில் பஞ்ச காலத்தில் அதே அண்ணன்களுக்குச் சோறு போட்டவர். நீங்கள் நினைத்தது தீமை, கடவுள் அதை நன்மையாக்கினார் என்கிற மாதிரி ஒரு வார்த்தை அந்தக் கதையின் முடிவில் வருகிறது. அதைச் சொன்னது யார் என்று கவனியுங்கள். யோசேப்பு! குழியில் கிடந்தவர் அவர். சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. அதே வார்த்தையை அண்ணன்கள் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அநியாயத்துக்கு ஆண்டவன் பெயரில் ரசீது போட்டதாகியிருக்கும்.

சி.எம்.சி.யிலேயே இன்னொருவர், டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் ஒரு கார் விபத்து அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் செய்துவிட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார். 1966-ல் வேலூரில் அதற்கென்று ஒரு மையமே எழுந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. 'இதற்காகத்தான் எனக்கு அது நடந்தது' என்று அவர் சொன்னால், கைகட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டியது நம் வேலை. விபத்து நடந்த மறுநாள் கட்டில் அருகே போய் நாம் அதைச் சொல்லியிருந்தால், அது ஆறுதல் இல்லை, அராஜகம்.

ஆக, கடவுளின் நோக்கத்தை நான் தேடுகிற இடம் விபத்து அல்ல, மரணமும் அல்ல. அதற்கப்புறம் ஒரு மனிதர் கொடுக்கிற பதிலில்தான் அதைத் தேடுகிறேன். அந்த மூன்று பெண்களின் கணக்கை ஐடாவாலும் நேர்செய்ய முடியவில்லை. அதைத் தன் பெயரில் எழுதிக்கொண்டு, 1960-ல் இறக்கும்வரை அடைத்துக்கொண்டே இருந்தார். நம்பிக்கை என்றால் எனக்கு அதுதான்.

'அப்போ கிரெடிட் கார்டு வேணுமா சார்னு வர்ற போன்லயும் ஆண்டவனைத் தேடணுமா?' என்று கேட்பீர்கள். வேண்டாம்! நல்ல சமாரியன் கதையை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்தில் சேர்த்தான், காயத்தைக் கவனித்தான், மறுநாள் சத்திரக்காரன் கையில் இரண்டு காசைக் கொடுத்தான், மேலே ஆனால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் பயணத்தைத் தொடர்ந்தான். அவன் பயணமும் ரத்தாகவில்லை, அடிபட்டவனும் சாகவில்லை. ஒரு ராத்திரி, இரண்டு காசு. அவனிடம் கேட்கப்பட்டது அவ்வளவுதான்.

எல்லோரும் ஆஸ்பத்திரி கட்ட வேண்டியதில்லை. நாளைக்குப் பத்தேகாலுக்குக் கதவு தட்டப்பட்டால், எழுந்துபோய்த் திறங்கள். பேங்க் பன்னிரண்டு மணிக்கும் திறந்துதான் இருக்கும்.