கேட்கப்படாத வாக்கு

பழம் பணத்தாள்களைச் சேகரிப்போர் விரும்பித் தேடுவனவற்றுள் ஜெர்மனியின் ‘நோட்கெல்ட்’ தாள்களும் அடங்கும். நெருக்கடிக்காலப் பணம் என்பது அச்சொல்லின் பொருள். 1914-இல் போர் மூண்டதும் மக்கள் நாணயங்களைப் பதுக்கினர். உலோகமோ படைக்கலங்களுக்குப் போயிற்று. சில்லறையின்றி அன்றாட வாணிகம் தடுமாறவே, நகராட்சிகளும் சிற்றூர்களும் தாமே சிறுமதிப்புத் தாள்களை அச்சிட்டன. தாளைக் கொணர்ந்தால் உரிய தொகை தரப்படும் என்று ஊர் வாக்களித்தது. அதை நம்பி மக்கள் ரொட்டி வாங்கினர். இதில் குற்றம் காண நம்மால் இயலாது.

போருக்குப்பின் நிலை மாறிற்று. தாள்களைச் சேகரிப்போர் பெருகினர். ஏட்டில் ஒட்டி வைத்த தாளை எவரும் திரும்பக் கொணர்வதில்லை என்பதை ஊர்கள் கண்டுகொண்டன. திரும்பாத தாளின் தொகை ஊருக்கு ஆதாயமன்றோ! வண்ணத் தொடர்கள் குவிந்தன. ஹாமெல்ன் நகரின் தாள்களில் எலி பிடித்த குழலூதி வந்தான். பீலஃபெல்ட் நகரச் சேமிப்பு வங்கி பட்டுத்துணியிலேயே பணம் அச்சிட்டது. 1922-இல் அரசு சட்டமியற்றி இத்தொடர்களைத் தடுத்தது.

இவ்வூர்கள் பொய்யுரைத்தனவா? ஏமாற்றும் எண்ணத்திலேதான் பொய் இருக்கிறது என்பார் புனித அகுஸ்தினார். இங்கே ஏமாந்தவர் யார்? வாங்கியவரும் மகிழ்ந்தார், விற்றவரும் மகிழ்ந்தார். ஆயினும் நம் மனச்சான்று அமைதி கொள்ளவில்லை. ‘தருவோம்’ என்று எழுதிய கை, ‘கேட்டுவிடாதீர்கள்’ என்று உள்ளூர வேண்டிக்கொண்டதே! அடுத்த ஆண்டே, 1923 நவம்பரில், ஒரு டாலருக்கு 4.2 இலட்சம் கோடி மார்க் என்றாயிற்று. ஊர்கள் மீண்டும் தாள் அச்சிட்டன. இம்முறை அதை ஏந்தியவர்கள் சேகரிப்போர் அல்லர், பசித்தவர்கள்.

நம் நாவும் இத்தகைய தாள்களை அச்சிடுவதுண்டு. துக்க வீட்டில், ‘எது வேண்டுமானாலும் தயங்காமல் கேளுங்கள்’ என்கிறோம். குருக்களாகிய நாமே கல்லறைத் தோட்ட வாயிலில் எத்தனை முறை சொல்லியிருப்போம்! பெரும்பாலோர் கேட்பதில்லை. அதனாலேயே அச்சொல் எளிதாக வருகிறது.

ஒருமுறை கைம்பெண் ஒருவர், கணவரை அடக்கம் செய்து மூன்று மாதங்கள் சென்றபின், மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காகப் பங்கு இல்லம் வந்தார். “அன்னைக்குச் சொன்னீங்களே, சாமி” என்றார். பெட்டியில் பணம் இருந்தது; கொடுத்தோம். ஆனால் அவரைக் கண்டதும் நம்முள் முதலில் எழுந்தது இரக்கமன்று. ‘உண்மையாகவே வந்துவிட்டாரே’ என்ற திகைப்பு.