வீட்டுக் கணக்கில் ஒரு மாரத்தான்

மாரத்தானுக்குத் தயாராகும் ஆண்களிடம், "எத்தன மணி நேரத்துல முடிப்பீங்க?" என்று கேட்பார்கள். என்னிடம், "பசங்கள ஆருங்க பாத்துக்கறாங்க?" என்று கேட்கிறார்கள். கம்பெனியில் கேட்கிறார்கள், பள்ளிக்கூட வாசலில் கேட்கிறார்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கிறார். ஆரம்பத்தில் எரிச்சல் வந்தது. இப்போது அது நல்ல கேள்வி என்றே நினைக்கிறேன். ஓடுகிற ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி. பெண்களிடம் மட்டும் கேட்பதுதான் அதிலுள்ள அநியாயம்.

மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். 1908ல் லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது. 1921ல் உலகம் முழுவதற்கும் அதுவே அளவாயிற்று. போட்டியன்று என்னைப் போல நிதானமாக ஓடுபவர்களுக்கு 5 மணி நேரம் ஆகும். அந்த 5 மணி நேரத்தை எந்தக் குடும்பமும் பொறுத்துக்கொள்ளும். அதற்கு முந்தைய 4 மாதம்தான் கஷ்டம். 16 முதல் 18 வாரம் வரை பயிற்சி அட்டவணை போடுவார்கள். வாரத்தில் நான்கு நாள் ஓட்டம், அதில் ஒரு நாள் நீண்ட ஓட்டம். அந்த நீண்ட ஓட்டம் 12 கிலோமீட்டரில் ஆரம்பித்து 16, 20, 25 என்று ஏறி 30, 32 வரை போகும். தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வாக்கில் தீர்ந்துபோகும். அதன் பிறகு கொழுப்பை எரித்து ஓட உடம்பு பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் மணிக்கணக்கில் ஓடினால்தான் வரும். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்று வைத்தாலும் 30 கிலோமீட்டருக்கு மூன்றரை மணி நேரம். ஓடி வந்து குளித்துச் சாப்பிட்டபின் மத்தியானம் வரை கால் சொன்ன பேச்சைக் கேட்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதோடு முடிந்தது.

எங்கள் திருப்பூர் வீரபாண்டியில் ஞாயிற்றுக்கிழமையின் மதிப்பு வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியாது. சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம். மறுநாள் காலையில் கறிக்கடையில் கூட்டம், தலைக்கு எண்ணெய், ஒரு வாரத்து அழுக்குத்துணி, மளிகை. வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரே வேளை அன்றைக்கு மத்தியானம்தான். மற்ற நாட்களில் காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் போனால் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட். அவசர ஆர்டர் என்றால் அதற்கு மேலும் போகும். அரை ஷிப்டுக்கு என்ன கூலி, ஒரு பீசுக்கு என்ன ரேட் என்பது இந்த ஊரில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் தெரியும். நேரத்தைக் காசாக எண்ணிப் பழகிய ஊர் இது. இங்கே ஒருத்தி நேரம் போட்டு ஓடுகிறாள் என்றால், அந்த நேரம் யாருடைய பையிலிருந்து போகிறது என்று ஊர் கேட்கத்தான் செய்யும்.

எங்கள் வீட்டில் அது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். நான் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் கியூசி, தரம் பார்ப்பவள். நாள் முழுக்கச் செக்கிங் டேபிளுக்குப் பக்கத்தில் நின்றபடி வேலை. கணவர் நான்கைந்து மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறார். பையன் ஆறாவது, பெண் இரண்டாவது. அத்தை எங்களோடு இருக்கிறார்.

காலை நாலரைக்குத் தெருவில் ஒரு பெண் தனியாக ஓடுவது எங்கள் பக்கம் இன்னும் சாதாரண விஷயம் ஆகவில்லை. நாய்த் தொல்லை ஒன்று, ஆள் பயம் ஒன்று. அதனால் ஆரம்ப மாதங்களில் கணவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பின்னாலேயே வந்தார். முன்னால் தண்ணீர் பாட்டிலும், ஒரு துண்டும், உப்புக் கடலைமிட்டாயும் வைத்த பை. வீரபாண்டி பிரிவிலிருந்து பல்லடம் ரோட்டில் நான் ஓட, வண்டி என் வேகத்துக்கு உறுமிக்கொண்டு வரும். அந்த நேரத்தில் நைட் ஷிப்ட் முடிந்த பெண்களை இறக்கிவிடக் கம்பெனி வேன்கள் வரும். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் முகங்கள், தலைமுடியில் ஒட்டிய பஞ்சு. பாய்லர் விறகுப் புகை காற்றில் இருக்கும். முந்தின இரவு பதினோரு மணி வரை பீஸ் எண்ணிவிட்டு வந்த மனுஷன், தன் தூக்கத்தில் இரண்டு மணி நேரத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டு பின்னால் வருகிறார். நான் ஓடிய கிலோமீட்டரை என் வாட்ச் எண்ணியது. அந்தத் தூக்கத்தை எந்த வாட்சும் எண்ணவில்லை.

அத்தை கொடுத்தது இன்னும் அதிகம். வீரபாண்டி 2011ல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. குடிநீர் இன்னும் தினமும் வருவதில்லை. வருகிற நாளில், வருகிற நேரத்தில் பிடித்தாக வேண்டும். அது விடிகாலையாகவும் இருக்கலாம். நான் ரோட்டில் இருக்கும்போது குழாயடியில் குடத்தோடு நின்றது அத்தை. இட்லி ஊற்றியதும், டிபன் பாக்ஸ் கட்டியதும், பெண்ணுக்குச் சடை பின்னியதும் அத்தைதான். "அப்பத்தா ரொம்ப இறுக்கிப் பின்னுது, தல வலிக்குது" என்று பள்ளிக்கூட வாசலில் அவள் கண் கலங்கி நின்றாள். அந்தக் காலைகளில் என் மகள் கொடுத்த பங்கு அது. அவளிடம் யாரும் அனுமதி கேட்டிருக்கவில்லை.

இதையெல்லாம் பேசும்போது எல்லோரும் ஒரு வசதியான பதில் வைத்திருக்கிறார்கள். "உடம்பு நல்லா இருந்தாத்தானே குடும்பத்தப் பாத்துக்க முடியும், அதுக்குத்தானே ஓடறீங்க?" என்பார்கள். ஓட்டம் என்றதும் தமிழ்நாட்டில் எல்லோரும் சொல்லும் பெயர் அரசியல்வாதி மா. சுப்பிரமணியன். சர்க்கரை நோயும், விபத்தில் அடிபட்ட காலும் இருந்தும் 100க்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடியவர். அவரைப் பார்த்து நடக்கவும் ஓடவும் ஆரம்பித்தவர்களை எனக்குத் தெரியும், நல்ல காரியம். ஆனால் உடம்புக்கு வாரத்தில் சில நாள் அரை மணி நேர நடை போதும். 42 கிலோமீட்டர் தேவையில்லை. நான் ஓடுவது எனக்குப் பிடித்திருப்பதால். 20 கிலோமீட்டருக்கு மேல் மனதில் பேச்செல்லாம் அடங்கி, மூச்சும் காலடியும் மட்டும் இருக்கும் ஒரு நேரம் வருகிறது; அந்த நேரத்தில் நான் யாருக்கும் அம்மா இல்லை, மருமகள் இல்லை, கியூசி இல்லை. அது எனக்கு வேண்டும். ஒரு பெண் தனக்காக எடுக்கும் நேரத்துக்கு நோயையோ பிள்ளைகளையோ சாட்சிக்கு அழைக்க வேண்டும் என்றால், அந்த நேரம் இன்னும் அவளுக்குக் கிடைக்கவில்லை என்றுதான் பொருள்.

இந்தச் சாட்சி கேட்கும் வழக்கம் பழையது, நம் ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். அவர்கள் உடம்புக்கு அது ஆகாது என்று சொல்லி, 1960 வரை அந்தப் பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். 1966ல் பாபி கிப் என்ற பெண் பாஸ்டன் மாரத்தானுக்கு விண்ணப்பித்தபோது பெண்ணால் இவ்வளவு தூரம் ஓட முடியாது என்று மறுத்தார்கள். அவர் புதர் மறைவில் நின்று, ஓட்டம் தொடங்கியதும் கூட்டத்தில் கலந்து ஓடி முடித்தார். அடுத்த வருஷம் கேத்ரின் ஸ்விட்சர் பதிவு எண்ணோடு ஓடியபோது, போட்டி அதிகாரி ஒருவர் ரோட்டில் இறங்கி அந்த எண்ணைப் பிய்க்கப் பார்த்தார். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வந்தது 1984ல்தான். எங்கள் அத்தைக்குக் கல்யாணமாகி, குழந்தை பிறந்த பிறகு.

இவர்களில் என் மனதுக்கு மிகவும் நெருக்கமானவர் நார்வேயின் இங்ரிட் கிறிஸ்டியன்சன். 1983ல் தாயானார். 1985 லண்டன் மாரத்தானை 2 மணி 21 நிமிடம் 6 விநாடியில் முடித்தார். அந்த உலக சாதனை 1998 வரை நின்றது. வெளியே பனி கொட்டும் நாட்களில் வீட்டுக்குள்ளேயே டிரெட்மில்லில் ஓடிப் பயிற்சி எடுத்தவர் அவர். குழந்தை இருக்கும் வீட்டிலேயே ஒருத்தி உலக சாதனைக்குத் தயாராகியிருக்கிறாள் என்பதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனால் அதைக் காட்டி, "அவளால முடிஞ்சதே, உன்னால ஏன் முடியல?" என்று யாரையும் கேட்க மாட்டேன். ஓடுவது அவர் தொழில். அந்தத் தொழிலிலும் தாய்மைக்குக் கூலி பிடித்தம் இருந்தது. அமெரிக்க வீராங்கனை காரா கவுச்சருக்குப் பிரசவத்துக்குப் பின் மறுபடி போட்டியில் இறங்கும் வரை ஸ்பான்சர் நிறுவனமான நைக்கி பணம் தரவில்லை. குழந்தை பிறந்த மூன்று மாதத்தில் அவர் அரை மாரத்தான் ஓட வேண்டியிருந்தது. அவரும் அல்லிசன் ஃபீலிக்ஸ் போன்றவர்களும் 2019ல் வெளிப்படையாகப் பேசிய பிறகுதான் அந்த நிறுவனம் விதியை மாற்றியது. பீஸ் ரேட்டில் தைக்கும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வயிறு பெருத்து மிஷினில் உட்கார முடியாத நாளில் கூலி நின்றுபோவதை அவர்கள் பார்த்தவர்கள்.

அந்தப் பெண்கள் தைக்கும் டி-சர்ட்டைப் போட்டுக்கொண்டுதான் நான் ஓடுகிறேன். ஓட்டத்துக்கான சட்டையில் கை மூட்டுத் தையல் பேட்லாக்காக இருக்க வேண்டும். தையல் படிந்து கிடந்தால்தான் 30 கிலோமீட்டர் உரசினாலும் தோல் கிழியாது. ஓவர்லாக் மேடு இருந்தால் 15க்குள் ரத்தம் வந்துவிடும். டேபிளில் அந்தச் சட்டை வந்தால் நான் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தே அனுப்புவேன். அதைத் தைத்த பெண் ஒருத்தி, ஒடிசாவிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவள், "அக்கா, நானும் ஸ்கூல்ல ஓடினேன்" என்றாள். அவளுக்கு இங்கே அத்தை இல்லை, எக்ஸ்எல்லில் பின்னால் வர ஆள் இல்லை, ஹாஸ்டல் கேட் விடிகாலையில் திறக்காது. மனமிருந்தால் மார்க்கமுண்டு என்று சொல்வதை நான் விட்டுவிட்டேன். மனம் அவளுக்கும் இருக்கிறது.

ஆகவே இதைச் சமாளிப்பது, பேலன்ஸ் செய்வது என்றெல்லாம் பேச எனக்கு விருப்பமில்லை. அப்படிப் பேசினால் ஓடுகிறவளின் சாமர்த்தியம் மட்டும் தெரியும். நேரம் கொடுத்தவர்கள் மறைந்துபோவார்கள். கொடுத்தவருக்குத் திருப்பித் தருவதும் நேரமாகவே இருக்க வேண்டும். மெடலைக் கொண்டுவந்து அத்தையின் கழுத்தில் மாட்டி போட்டோ எடுத்தால் கடன் தீராது.

இதை என்னைவிடத் தெளிவாகச் சொன்னது அத்தைதான். நீண்ட ஓட்டங்கள் ஆரம்பித்த சமயம் ஒருநாள் அரிசி களைந்துகொண்டே சொன்னார்: "கண்ணு, நீ ஓடிட்டு வந்ததும் நான் எங்கண்ணன் ஊட்டுக்குக் கெளம்பீருவேன். பொழுது சாஞ்சாத்தான் வருவேன். அன்னிக்கு அடுப்புப் பக்கம் என்னய எதிர்பாக்காதீங்க." எனக்குத் தெரிந்து, அத்தை தனக்கென்று ஒரு நாள் கேட்டது அதுதான் முதல் தடவை. என் கணவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரும் தன் கணக்கைச் சொன்னார். பக்கத்து ஊர்களில் இரவு கபடிப் போட்டி நடந்தால் போக வேண்டும், திரும்பி வரும் நேரத்தைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது. அவர் கபடி ஆடியவர் என்பதையே கல்யாணத்துக்குப் பின் எல்லோரும் மறந்திருந்தோம். மகள் கேட்டது எளிது, ஓடாத நாளில் நான்தான் தலை பின்ன வேண்டும். பையன் இன்னும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிறவன் கணக்கைத்தான் நான் அதிகம் கவனிக்க வேண்டியிருக்கிறது.

இப்படி வெளிப்படையாகப் பேசியதில் சச்சரவு குறையவில்லை, கூடியது என்றே சொல்வேன். முன்பு ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே செய்த வேலை இப்போது நேருக்கு நேர் பேச்சாகிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஒருத்தி தனக்காக நேரம் கேட்ட வீட்டில், மற்றவர்களுக்கும் கேட்க வாய் வந்துவிட்டது.

சென்னை மாரத்தான் ஜனவரியில். அதற்கு மூன்று வாரம் முன்னால், டிசம்பர் நடுவில், 32 கிலோமீட்டர் ஓடியாக வேண்டும். அதன் பிறகு தூரத்தைக் குறைத்துக் காலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து அத்தையின் அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து. அத்தை முந்தின நாளே போய்விடுவார், நாங்களும் காலையில் அங்கே இருக்க வேண்டும். சனிக்கிழமை ஓடலாம் என்றால் கம்பெனியில் அரை நாள் லீவு கேட்க வேண்டும். ஷிப்மென்ட் நெருக்கடியில் லேசில் தர மாட்டார்கள். தந்தாலும் அரை நாள் சம்பளம் போகும். காதுகுத்துக்குக் கொடுக்க வேண்டிய சீர்ப்பணம் வேறு இருக்கிறது. மிஷினை நிறுத்திவிட்டுச் சனிக்கிழமை காலை பிள்ளைகளைக் கிளப்பிப் பள்ளிக்கூடம் அனுப்புவது தன் பொறுப்பு என்கிறார் கணவர். அதற்குப் பதிலாக அவர் கேட்பது, ஜனவரியில் ஒரு இரவு கபடிப் போட்டிக்கு நானும் கூட வர வேண்டும் என்று. சரி என்றிருக்கிறேன். திங்கட்கிழமை போய் லீவு கேட்க வேண்டும்.