வந்தவர் எதற்காக வந்தார்?

1263-ஆம் ஆண்டு பார்சிலோனா நகரில், அரகோன் மன்னர் முதலாம் ஜேம்ஸ் முன்னிலையில் ஒரு சமய வாதம் நடைபெற்றது. ஒருபுறம், யூத சமயத்திலிருந்து வந்து சாமிநாதர் சபைத் துறவியான பாப்லோ கிறிஸ்தியானி. மறுபுறம், ஜெரோனா நகரின் யூத அறிஞர் மோசே பென் நக்மான். மெசியா வந்துவிட்டாரா, இனிமேல்தான் வர வேண்டுமா என்பதே அங்கு எழுந்த முதன்மையான வினா.

நக்மான் பின்னர் எழுதிவைத்த குறிப்பின்படி, அவர் கூறிய தடை எளியது, ஆயினும் கூரியது. மெசியாவின் நாளில் நாடுகள் போர்ப் பயிற்சியை மறக்கும் என இறைவாக்கினர் உரைத்தனர். நாசரேத்து இயேசுவின் காலந்தொட்டு இன்றுவரை உலகம் வன்முறையால் நிறைந்திருக்கிறதே. கிறிஸ்தவர்களே பிறரினும் மிகுதியாகக் குருதி சிந்துகின்றனரே என்றார் அவர்.

இவ்வினாவை நாம் எளிதாகக் கடந்து செல்லலாகாது. நோயுற்ற குழந்தையின் அருகே இரவெல்லாம் விழித்திருக்கும் தாயின் உள்ளத்திலும் இதே வினா எழுகின்றது. மீட்பர் வந்துவிட்டார் எனில், மீட்பு எங்கே?

‘மெசியா’ என்னும் எபிரேயச் சொல்லுக்கு ‘அருள்பொழிவு பெற்றவர்’ என்பது பொருள். கிரேக்கத்தில் அதுவே ‘கிறிஸ்து’. அரசர்களும் தலைமைக் குருக்களும் எண்ணெய் பூசப்பெற்றனர். பாபிலோனிலிருந்து யூதர் தாயகம் திரும்ப வழிசெய்த பாரசீக மன்னர் சைரசையும் எசாயா நூல் அச்சொல்லாலேயே குறிக்கின்றது. ஆகவே அது வெறும் பட்டமன்று, ஒரு பணி. கி.மு. 63-இல் உரோமைத் தளபதி பொம்பேயு எருசலேமைக் கைப்பற்றிய பின்னர், அந்நியரை விரட்டும் தாவீதின் மகனையே பலர் எதிர்நோக்கினர். அவர்களை நாம் இகழ வேண்டுவதில்லை. நுகத்தின்கீழ் நசுங்குபவர் வேறெதைக் கேட்பார்?

இயேசுவோ, அப்பம் உண்ட மக்கள் தம்மை அரசராக்க முனைந்தபோது தனியே மலைக்கு விலகிச் சென்றார். பேதுரு அவரை மெசியா என அறிக்கையிட்டவுடன் தம் பாடுகளைப் பற்றிப் பேசினார். தடுத்த பேதுருவைக் கடிந்துகொண்டார். ஏன்? தீமையை வாளால் ஒழிக்க வருபவர் தீமை செய்வோரையும் ஒழித்தாக வேண்டும். அப்பட்டியலில் நம் பெயர் இராது என உறுதி கூற நம்மில் யாரால் இயலும்? சீசரை வெல்ல மற்றொரு சீசர் எழுந்தால் அரியணையில் ஆள் மாறுவாரேயன்றி, மனித உள்ளம் மாறாது.

இறைமகன் மனிதரானது பாவத்தால் நாம் பட்ட கடனைத் தீர்க்கவே என விளக்கினார் புனித ஆன்செல்ம். பாவமே நுழையாதிருப்பினும் அன்பின்பொருட்டு அவர் மனிதராகியிருப்பார் எனக் கருதினர் தன்ஸ் ஸ்கோத்துசின் வழிவந்தோர். விளக்கங்கள் வேறுபடினும், மெசியா தேடி வந்தது அரியணையை அன்று, மனிதரையே என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

இப்போது எசாயாவின் இறைவாக்கை மீண்டும் நோக்குவோம். நாடுகளிடையே ஆண்டவர் தீர்ப்பு வழங்குவார். ஆனால் வாள்களைக் கலப்பைக் கொழுக்களாக அடிப்பவர்கள் யார்? மக்களே. மெசியா நம் கையிலுள்ள வாளைப் பறிப்பதில்லை. அதனைத் தாமே உலைக்களத்திற்குக் கொண்டு செல்லும் மனிதராக நம்மை மாற்ற வருகிறார். அதனாலன்றோ, திருமுழுக்கில் நம் தலையிலும் கிறிஸ்மா எண்ணெய் பூசப்படுகின்றது! அருள்பொழிவு பெற்றவரின் பணியில் நமக்கும் பங்கு உண்டு.

அவர் மீண்டும் வருவார், அன்று அனைத்தும் நிறைவுறும் என்பது நமது விசுவாசம். எனினும், அந்த நம்பிக்கையை இன்றைய கடமையிலிருந்து தப்பும் வழியாக்குதல் தகாது.

வாதத்திற்குப் பின் நக்மான் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. முதிய வயதில், 1267-இல், அவர் எருசலேமை அடைந்தார். அவருடைய வினாவுக்கு அன்றைய கிறிஸ்தவர்கள் அளித்த விடை, அவ்வினாவையே மெய்ப்பித்தது. யூதர்மீதான பகைமையையும் துன்புறுத்தலையும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளிப்படையாகக் கண்டித்தது 1965-இல்தான்.

இன்றும் அவ்வினா நம்முன் நிற்கின்றது. ஒரே எண்ணெய் பூசப்பெற்றோரைக் கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்த்துப் பிரித்துவிட்டு, மெசியா வந்துவிட்டார் என நாம் எவ்வாறு பறைசாற்றுவோம்? இதற்குச் சொல்லால் அளிக்கும் விடை போதாது. உடன்பிறந்தாரோடு ஒப்புரவாகி, மறுத்த உரிமையைத் திருப்பித் தந்து, நம் வாழ்வால் அளிக்கும் விடையையே உலகம் ஏற்கும். வந்தவர் எதற்காக வந்தார் என்பதை நம்மைப் பார்த்துப் பிறர் அறிந்துகொள்ளட்டும்.