எங்கே தூங்குகிறீர்கள்?

2021 ஏப்ரல் 6, சட்டமன்றத் தேர்தல். எங்கள் வீட்டில் சமையல் வேலைக்கு வரும் அம்மா முதல் நாளே லீவு சொல்லிவிட்டார்.

"ஓட்டுப் போடணும் சார்."

"அதுக்கு எதுக்கும்மா ஒரு நாள் லீவு? கண்ணகி நகர்லதானே வீடு? காலையில போட்டுட்டு வந்துடலாமே."

"எனக்கு ஓட்டு அங்க இல்ல சார். பாரிமுனைல."

நான் இருப்பது துரைப்பாக்கத்தில். இங்கிருந்து பாரிமுனைக்கு ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். கணவர், இரண்டு பிள்ளைகள், இவர் என்று நாலு பேரும் பஸ் மாறிப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வரவேண்டும். அன்றைக்கு நாலு பேருக்கும் கூலி கிடையாது. ஜார்ஜ் டவுனில் ஒரு கிடங்குச் சுவரை ஒட்டின நடைபாதையில் பிறந்து வளர்ந்தவர் அவர். அவருடைய அம்மாவும் அங்கேதான், ஆயாவும் அங்கேதான். 2010ல் லாரியில் ஏற்றிக் கண்ணகி நகரில் இறக்கிவிட்டார்கள்.

"பதினோரு வருஷம் ஆச்சேம்மா, பேரை மாத்தியிருக்கலாமே?"

"மாத்திட்டா, நாங்க அங்க இருந்தோம்ங்கறதுக்கு வேற இன்னா சார் அத்தாட்சி இருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. லீவு கொடுத்துவிட்டு நானும் கிளம்பினேன். மயிலாப்பூருக்கு, காரில். ஏனென்றால் என் பெயரும் பழைய வாடகை வீட்டு முகவரியில்தான் இருந்தது. துரைப்பாக்கம் வந்து ஏழு வருஷம் ஆகியும் மாற்றவில்லை. அத்தாட்சி கித்தாட்சி எல்லாம் காரணமில்லை, வெறும் சோம்பேறித்தனம். தவிர, மயிலாப்பூரில் க்யூ சின்னது. ஓட்டுப் போட்டுவிட்டு நல்ல காபியும் சாப்பிடலாம்.

ஓட்டு எங்கே இருக்கவேண்டும்? உடம்பு இருக்கிற இடத்திலா, மனசு இருக்கிற இடத்திலா? கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் சட்டம் இந்தக் கேள்வியோடு ரொம்பவே மல்லுக்கட்டியிருக்கிறது. 1950ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒரு தொகுதியில் 'சாதாரணமாக வசிப்பவருக்கு' அங்கே ஓட்டு என்கிறது. அங்கே உங்களுக்கு ஒரு வீடு சொந்தமாக இருக்கிறது என்பதால் மட்டும் வசிப்பவர் ஆகிவிட மாட்டீர்கள். தற்காலிகமாக வெளியூர் போனதாலேயே வசிப்பவர் இல்லை என்றும் ஆகிவிட மாட்டீர்கள். 'சாதாரணமாக' என்றால் என்ன? அதை நம் மனசாட்சிக்கு விட்டுவிட்டது.

மனசாட்சி மட்டும் போதாது என்று ஓரிடத்தில் தோன்றியிருக்கிறது. வீடில்லாமல் நடைபாதையில் வாழ்கிறவர் பெயர் சேர்க்க விண்ணப்பித்தால் முகவரிச் சான்று வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக, தேர்தல் அலுவலர் ராத்திரியில் வந்து, அவர் சொன்ன இடத்தில்தான் தூங்குகிறாரா என்று பார்க்கவேண்டும். ஒரு தடவை பார்த்தால் போதாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இதேபோல ஒன்று உண்டு. 2011ல் வீடற்றவர்களை எண்ணியது பிப்ரவரி 28ம் தேதி ராத்திரியில். எனக்கு இந்த விதிகள் ரொம்பப் பிடிக்கும். படுக்கிற இடத்தைவிடப் பெரிய முகவரி மனுஷனுக்கு ஏது? ஒரே உறுத்தல், நான் எங்கே தூங்குகிறேன் என்று பார்க்க இத்தனை வருஷத்தில் ஒருவரும் ராத்திரியில் வந்ததில்லை. எனக்குக் கதவு இருக்கிறது. கதவு இருப்பவன் சொன்னால் நம்புவார்கள்.

இப்போது கொஞ்சம் கணக்கு. அலுத்துக்கொள்ளாதீர்கள், விஷயமே இதில்தான் இருக்கிறது.

பாரிமுனை துறைமுகம் தொகுதியில் இருக்கிறது. கண்ணகி நகர் சோழிங்கநல்லூர் தொகுதியில். 2021 ஜனவரியில் வெளியான பட்டியலில் துறைமுகத்தின் வாக்காளர்கள் 1,76,272 பேர், தமிழ்நாட்டிலேயே குறைவு. சோழிங்கநல்லூரில் 6,94,845 பேர், தமிழ்நாட்டிலேயே அதிகம். இரண்டிலிருந்தும் சட்டமன்றத்துக்குப் போவது ஒவ்வொருவர்தான். அதாவது துறைமுகத்தில் ஒரு ஓட்டுக்கு இருந்த எடை, சோழிங்கநல்லூரில் கிட்டத்தட்ட நாலு ஓட்டுக்கு. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். தொகுதிக்குத்தான் கணக்கு, தலைக்கு இல்லை. வகுத்துப் பாருங்கள். துறைமுகத்தில் வாக்காளருக்கு 170 ரூபாய், சோழிங்கநல்லூரில் 43.

இது யாரும் சதி செய்து நடந்ததில்லை. 2001 கணக்கெடுப்பின் மக்கள்தொகையை வைத்து 2008ல் தொகுதிகளுக்குக் கோடு போட்டார்கள். போட்டபோது கூடியவரை சமமாகத்தான் போட்டார்கள். கோடு அங்கேயே நின்றது, ஜனங்கள் நகர்ந்துவிட்டார்கள். ஜார்ஜ் டவுனில் பகலில் கால் வைக்க இடமிருக்காது. கடையடைத்த பிறகு போய்ப் பாருங்கள், தெருத்தெருவாக ஷட்டரும் பூட்டும்தான். குடியிருந்த வீடுகள் கிடங்காகவும் மொத்தக் கடையாகவும் மாறிக்கொண்டே வந்த இடம் அது. தெற்கே பழைய மகாபலிபுரம் சாலையிலோ நேர் தலைகீழ். கம்ப்யூட்டர் கம்பெனிகள், அடுக்குமாடிகள், அவற்றின் பின்பக்கம் நகரத்திலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்களின் காலனிகள். கண்ணகி நகரில் சுமார் 15,000 வீடுகள். பெரும்பாக்கத்தில் 20,000க்கும் மேல். செம்மஞ்சேரி தனி. தீவுத்திடல் பக்கம் இருந்த சத்தியவாணி முத்து நகரைக் காலி செய்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பியது 2019 டிசம்பரில், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும்போது.

நான் விரும்பி வந்தவன். லிஃப்ட், நீச்சல் குளம் எல்லாம் விளம்பரத்தில் பார்த்து வந்தேன். நீச்சல் குளத்தில் பெரும்பாலும் தண்ணீர் இருப்பதில்லை என்பது வேறு விஷயம். என் ஓட்டின் எடை குறைந்தால் அது நான் கொடுத்த விலை. அந்த அம்மா விஷயம் அப்படியா? நகரம் அழகாக வேண்டும், நடைபாதை காலியாக வேண்டும் என்று முடிவு செய்தது வேறு யாரோ. போன இடத்தில் வேலை போயிற்று, பள்ளிக்கூடம் போயிற்று என்று நாம் பேசுகிறோம். ஓட்டின் முக்கால் பங்கும் போயிற்று என்று யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

இங்கிலாந்தில் ஓல்டு சாரம் என்று ஒரு தொகுதி இருந்தது. ஒரு மேடு, கொஞ்சம் புல், குடியிருக்க ஆளே இல்லை. ஆனால் பார்லிமெண்டுக்கு இரண்டு உறுப்பினர்கள்! அதே காலத்தில் ஆலைகளும் தொழிலாளர்களும் நிரம்பி வழிந்த மான்செஸ்டருக்கென்று ஒரு உறுப்பினர்கூடக் கிடையாது. 1832ல்தான் அதைச் சரிசெய்தார்கள். நம் கதை அவ்வளவு மோசமில்லை. துறைமுகத்தில் மனிதர்கள் வாழ்கிறார்கள். நெருக்கியடித்துக்கொண்டுதான் வாழ்கிறார்கள். ஆனால் சங்கதி அதே ஜாதி.

நம் நாட்டிலும் 1935 சட்டத்தின்படி சொத்து, வரி, படிப்பு பார்த்துத்தான் ஓட்டு கொடுத்தார்கள். அதை உடைத்து வயது வந்த எல்லோருக்கும் கொடுத்தது அரசியல் சட்டம். 1949 நவம்பர் 25ம் தேதி பேசிய அம்பேத்கர், அரசியலில் ஆளுக்கு ஒரு ஓட்டு, ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரே மதிப்பு என்று ஆகிவிடும், சமூகத்திலும் பொருளாதாரத்திலும்தான் சமத்துவம் இல்லாமல் முரண்படுவோம் என்று எச்சரித்தார். இரண்டாவது பாதிக்காக இன்னமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். முதல் பாதியாவது கைக்கு வந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற அரசு அதிகாரி, இதைச் சொன்னதும் கோபித்துக்கொண்டார். "நீ அரிசி நிறுக்கற மாதிரி ஓட்டை நிறுக்கறே. ஓட்டுங்கறது வேர். எங்க வேர் இருக்கோ அங்க போடணும். நான் இன்னமும் கும்பகோணத்துலதான் போடறேன்." அவருடைய வேரைக் கும்பகோணத்துக்காரர்கள் கேட்டார்களா என்று நான் கேட்கவில்லை. அவர் தேர்ந்தெடுக்கிற உறுப்பினரோடு ஐந்து வருஷம் மாரடிக்கப்போவது அங்கே இருப்பவர்கள். சாக்கடை அடைத்தால் மூக்கைப் பொத்திக்கொள்பவர்கள் அவர்கள். அவர் சென்னையில் உட்கார்ந்து இந்தச் சாக்கடையைப் பற்றி எனக்கு போன் செய்வார்.

அதனால் சட்டம் சொல்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. தூங்குகிற இடத்தில் ஓட்டு. பூட்டின வீட்டுக்கு ஓட்டு கிடையாது, பழைய ஞாபகத்துக்கும் கிடையாது. 2011 கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் ஆளில்லாமல் கிடந்த வீடுகள் சுமார் 1 கோடியே 11 லட்சம். அடுத்த வருஷமே நகரங்களில் சுமார் 1 கோடியே 88 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்று அரசு அமைத்த நிபுணர் குழு மதிப்பிட்டது. வீட்டை எண்ணி ஓட்டு கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஆனால் அந்த அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தூங்குகிற இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உள்ளவனுக்குச் சொல்லவேண்டிய நியாயம் இது. தூக்கிக்கொண்டுபோய் இறக்கிவிடப்பட்டவரிடம், 'நீ இங்கேதான் தூங்குகிறாய், ஆகவே இந்தக் குறைந்த எடை ஓட்டுதான் உனக்கு' என்றால் அது நியாயத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்ட வேறு ஏதோ. அவர் பாரிமுனை போய்ப் போட்டது சட்டப்படி தப்பு. நான் மயிலாப்பூர் போய்ப் போட்டதும் சட்டப்படி தப்பு. ஒரே தப்புதானா?

விடையைத் தேர்தல் ஆணையமே எனக்குக் கொண்டுவந்து கொடுத்தது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடு வீடாகப் படிவம். மயிலாப்பூர் வீட்டுக்காரர் போன் செய்தார். "உங்க பேருக்கு ஃபாரம் வந்திருக்கு சார், வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க." போனேன். படிக்காமல் போட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். படித்துவிட்டுத்தான் போட்டேன். பட்டியல் விஷயத்தில் பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஒரு வருஷம் வரை சிறை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அந்த அம்மாவின் பழைய முகவரியில் போன் செய்ய யார் இருக்கிறார்கள்? கிடங்குச் சுவர்தான் இருக்கிறது. டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தது. மாநிலம் முழுக்க சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அதில் 66 லட்சத்துக்கும் மேல் குடிபெயர்ந்தவர்கள், முகவரியில் காணப்படாதவர்கள் என்ற கணக்கில். சென்னை மாவட்டத்தில் மட்டும் சுமார் 14 லட்சம். அவர் வீட்டு நாலு பெயரும் அதில் போயிற்று. என் பெயர் மயிலாப்பூரில் ஜம்மென்று இருந்தது.

சொன்னபோது அவர் ஒன்றும் அழவில்லை. பருப்பைக் கடைந்துகொண்டே கேட்டார். "உங்க பேர் இருக்குதா சார்?"

"இருக்கும்மா."

"இங்கயா?"

"...இல்ல, மயிலாப்பூர்ல."

"ஓ" என்று மட்டும் சொன்னார். அந்த 'ஓ'வை வைத்துக்கொண்டு எனக்கு இரண்டு நாள் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜனவரி முதல் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் குடும்பத்தோடு வரச்சொன்னேன். புதிதாகப் பெயர் சேர்க்க அவர்களுக்கு நாலு படிவம் 6, இடம் மாற எனக்கு ஒரு படிவம் 8. சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு எழுதினோம். அவர் ஒரு மஞ்சள் பையிலிருந்து ஒதுக்கீட்டு ஆணை, ரேஷன் கார்டு எல்லாம் எடுத்து அடுக்கினார். பழைய வாக்காளர் அட்டையையும் எடுத்தவர், கொஞ்சம் பார்த்துவிட்டுத் திரும்பப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். படிவத்தின் கடைசியில் ஒரு உறுதிமொழி உண்டு. இந்த முகவரியில் எந்த மாதம், எந்த வருஷத்திலிருந்து சாதாரணமாக வசித்து வருகிறீர்கள்?

"எப்பலேர்ந்தும்மா?"

மாசம் வருஷம் மட்டும் கேட்டேன். அவர் தேதி சொன்னார், கிழமை சொன்னார், லாரி கிளம்பினது காலையில் எத்தனை மணிக்கு என்றும் சொன்னார். கட்டத்தில் மாசத்துக்கும் வருஷத்துக்கும்தான் இடம் இருந்தது. அதை மட்டும் எழுதினேன்.

அடுத்து என்னுடைய படிவம். நாங்கள் துரைப்பாக்கம் வந்தது எந்த மாதம்? எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. உள்ளே போய் மனைவியைக் கேட்டுவிட்டு வந்தேன்.