இரண்டு காடுகள்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். கொடுத்தவர் மனம் நோகக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் பிறந்த பழமொழி. ஆனால் அந்த மாடு யாருடைய தொழுவிலிருந்து அவிழ்த்து வரப்பட்டது என்று கேட்கலாமா? அதைப் பற்றிப் பழமொழி வாய் திறக்கவில்லை. இயற்கை நமக்கு இனாமாகத் தரும் இன்பங்களை எண்ணும்போது எனக்கு இந்தச் சந்தேகம் வருவதுண்டு. நிலா வெளிச்சத்துக்கு யாரும் விலை கொடுப்பதில்லை. மான் துள்ளும் அழகுக்கு யாரோ கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கோவில்பட்டிச் சீமையில் 'காடு' என்ற சொல்லுக்குப் பொருளே வேறு. மழையை நம்பி உழும் கரிசல் புஞ்சைக்குத்தான் அங்கே காடு என்று பெயர். ஒருவர் காட்டுக்குப் போயிருக்கிறார் என்றால் களை வெட்டப் போயிருக்கிறார் என்று அர்த்தம். பசுவந்தனையில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. குழந்தைகளுக்குக் காடு காட்ட வேண்டும் என்று பேச்சு எழுந்தபோது தங்கையின் மாமியார் சிரித்துவிட்டார்.

"காட்டைப் பாக்கவா வேன் பிடிச்சுப் போறீக? அறுபது வருசமா நான் காட்டுக்குள்ளதானய்யா கிடந்தேன்!"

ஆனாலும் புளியோதரைப் பாத்திரத்தோடு முதலில் வேனில் ஏறி உட்கார்ந்தவர் அவர்தான்.

நாங்கள் போனது வல்லநாட்டுக்கு. திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, சாலையோரத்தில் ஒரு முள்காட்டு மலை. அதை 1987-ல் வெளிமான் சரணாலயமாக அறிவித்தார்கள். பதினாறு சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான இடம். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் இடங்களில் தென்கோடியில் இருப்பது இதுதான். குடைவேலமரங்கள் குடை விரித்து நிற்கின்றன. அவற்றின் நிழலில்தான் சோறு சாப்பிட்டோம். மயில்கள் இருந்தன. ஆண் மான்கள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் போட்டுவைத்த புழுக்கைக் குவியல்கள் இருந்தன. மானைத்தான் காணோம். பிற்பகல் மூன்று மணிக்குக் குழந்தைகள் நம்பிக்கை இழந்துவிட்டார்கள்.

சரணாலயத்தை விட்டு வெளியேறி, ஊர்ப்பாதையில் திரும்பிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. பாசிப்பயறு பூத்து நின்ற ஒரு புஞ்சையின் நடுவில் ஏழெட்டுப் பெட்டை மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. சற்றுத் தள்ளி ஒரு கலைமான். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், முறுக்கி விட்டாற்போன்ற இரண்டு கொம்புகள். வேன் நின்றது, யாரும் மூச்சுக்கூட விடவில்லை. அடுத்த கணம் வரப்பு மேட்டிலிருந்து ஒருவர் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தார். ஒரு பெட்டை மான் செங்குத்தாக எழும்பிற்று. பின்னாலேயே எல்லாம் எழும்பின. தரையில் கால் பாவியதாகவே தெரியவில்லை. இந்த வேகத்தை அந்த இனத்துக்குப் பழக்கிய சிவிங்கிப்புலி இந்தியாவில் அற்றுப்போனதாக 1952-லேயே அறிவித்துவிட்டார்கள். 2022 முதல் ஆப்பிரிக்காவிலிருந்து சிலவற்றைக் கொண்டுவந்து குனோவில் விட்டிருக்கிறார்கள். வல்லநாட்டில் மானைத் துரத்துவதற்குத் தகர டின்தான் மிச்சம்.

குழந்தைகளுக்கு அந்த மனிதர்மேல் கோபம். அவரோ எங்களைப் பார்த்துச் சிரித்தார். "அழகாத்தான் இருக்கு, யாரு இல்லேன்னா? பூவும் பிஞ்சுமா நிக்கையில வந்து வாய் வைக்குதே."

சரணாலயம் என்று நாம் கோடு போட்டது ஒரு காட்டுக்கு. அவர் உழுதது இன்னொரு காட்டை. மானுக்கு இரண்டும் ஒன்றுதான். அதன்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. வெளிமான் என்று பெயர் வைத்தவர்களே அது வெட்டவெளிப் பிராணி என்பதை அறிந்துதான் வைத்திருக்கிறார்கள். அந்த வெளி முழுவதும் ஏருக்கு அடியில் போய்விட்டது. 'மான்தானே முதலில் இருந்தது!' என்று வாதாடுவார் உண்டு. உண்மைதான். ஆனால் அவர்கள் குடியிருக்கும் நகரத்து வீட்டடியிலும் ஏதோ ஒரு பிராணி முதலில் இருந்திருக்கும். முதலில் இருந்ததற்கான பாக்கியைப் பயறு விதைத்தவரிடம் மட்டும் வசூலிப்பது என்ன நியாயம்?

ராஜஸ்தானத்து பிஷ்ணோய் மக்களை உதாரணம் காட்டுவார்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் மானைத் தெய்வமாகக் காத்து, தங்கள் வயலிலேயே மேய விடுகிறார்கள். கேட்கும்போதே மனம் நெகிழ்கிறது. ஆனால் அவர்கள் தங்கள் விளைச்சலைத் தாங்களே மனமுவந்து தருகிறார்கள். தியாகத்துக்கு அதுதான் அழகு. பிறர் வயலைக் காட்டி நாம் நெகிழ்வதற்கு என்ன பெயர் வைப்பது? எனக்கு நல்ல பெயர் ஒன்றும் தோன்றவில்லை.

கிராமத்தில் ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. ஒருவர் மாடு இன்னொருவர் பயிரை மேய்ந்தால் பட்டியில் கொண்டுபோய் அடைப்பார்கள். மாட்டுக்காரர் தண்டம் கட்டி மீட்டுச் செல்ல வேண்டும். மானுக்கு உடையவர் யார்? 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கொல்லக் கூடாது என்கிறது; மிகவும் நியாயமான சட்டம். தேசத்தின் செல்வம் என்று நாமும் மேடையில் சொல்கிறோம். செல்வம் நம்முடையது என்றால், அது மேய்ந்ததற்குத் தண்டமும் நம் கணக்கில்தானே? இழப்பீடு கேட்க வழி இல்லாமலில்லை. மனு எழுத வேண்டும், சேதத்தைப் பார்வையிட அதிகாரி வர வேண்டும், சான்று வேண்டும். அரை மூட்டைப் பயறுக்காக எத்தனை நாள் கூலியை விட்டுவிட்டு அலைவது என்று கணக்குப் பார்த்துப் பேசாமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

மானாவாரிக்கு வருஷத்தில் ஒரே வெள்ளாமை. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தது தை, மாசியில் களத்துக்கு வர வேண்டும். இடையில் மார்கழிப் பனி. அந்த இரவுகளில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, டார்ச் விளக்கும் தகர டின்னுமாக, வரப்பு மேட்டில் ஆள் விழித்திருக்கிறது.