இடனறிதல்

புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்ததும், ‘அங்கே படிக்க எனக்குத் தகுதி உண்டா?’ என்ற அச்சம் மாணவருக்கு முதலில் வருகிறது. ‘என்னை வளர்க்கும் தகுதி அந்த இடத்துக்கு உண்டா?’ என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. திருக்குறளின் 50ஆம் அதிகாரத்துக்கு இடனறிதல் என்று பெயர். போருக்குக் களம் தேர்வதைப் பேசும் அதிகாரம் அது. ஒருவனுடைய வலிமை அவனுக்குள் மட்டும் இருப்பதில்லை, அவன் நிற்கும் நிலத்தையும் பொறுத்தது என்ற எண்ணமே அதன் அடிப்படை. கல்விக்கும் இது பொருந்தும் என்றால், பொருத்தத்தை அளக்கப் புகழ் உதவுமா என்று கேட்டாக வேண்டும். உதவாது என்பதே என் வாதம்.

கணித மேதை ராமானுஜனின் வாழ்க்கை இதற்குத் தெளிவான சான்று. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறியதால் அதை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தும் எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தேறவில்லை. அதே மனிதர் 1914இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் கால்வைத்தார். 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். பெரிய இடம்தான் பெரிய ஆளை உருவாக்கியது என்று இதை வைத்து முடிவுகட்டத் தோன்றும். ஆனால் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதுவதற்கு முன்பே அங்கிருந்த வேறு இரண்டு கணித அறிஞர்களுக்கு அவர் எழுதியிருந்தார். அவர்களால் பயன் விளையவில்லை. பல்கலைக்கழகமும் அதேதான், அதன் புகழும் அதேதான். ஹார்டியோ சக கணித அறிஞர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து, கடிதத்தோடு வந்த தாள்களை வரிவரியாக ஆராய்ந்தார். ராமானுஜனுக்குப் பொருந்திய இடம் அந்தக் கவனம்தான். கேம்பிரிட்ஜ் என்ற பெயர் அதற்குக் கூரையாக இருந்தது, அவ்வளவே.

அந்தப் பொருத்தமும் முழுமையானதல்ல. அவர் போய்ச் சேர்ந்த சில மாதங்களில் முதல் உலகப் போர் மூண்டது. மரக்கறி மட்டுமே உண்டு, தாமே சமைத்துக்கொண்டவருக்கு வேண்டிய பொருள்கள் கிடைப்பது அரிதாயிற்று. 1917 முதல் அங்கிருந்த காலத்தின் பெரும்பகுதி மருத்துவ விடுதிகளிலேயே கழிந்தது. நோயின் மூலம் எதுவாயினும், அங்கிருந்த வாழ்க்கை அவருடைய உடலைத் தாங்கவில்லை. 1919இல் ஊர் திரும்பியவர் மறு ஆண்டு ஏப்ரலில், 32 வயதில் காலமானார். ஓர் இடம் அறிவுக்குச் சோறிட்டுக்கொண்டே உடலையும் மனத்தையும் பட்டினி போடக்கூடும். ஆகவே பொருத்தத்தை இரண்டு முறை கேட்க வேண்டும்: என் வேலைக்கு இது தகுமா, என் வாழ்வுக்கு இது தகுமா? புகழ் இரண்டுக்கும் விடை சொல்வதில்லை.

‘புகழ் கதவுகளைத் திறக்குமே’ என்பது முதல் மறுப்பு. அமெரிக்கப் பொருளியலாளர்கள் ஸ்டேசி டேலும் ஆலன் குருகரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. ஒரே தரமான கல்லூரிகளில் விண்ணப்பித்து இடம் பெற்றவர்களை ஒப்பிட்டபோது, கடினத் தேர்வுள்ள கல்லூரிக்குப் போனவர்களும் போகாதவர்களும் பிற்காலத்தில் ஏறத்தாழ ஒரே அளவே சம்பாதித்தார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் மட்டும் விலக்கு. அவர்களுக்கு அத்தகைய கல்லூரி பயன் தந்தது. இந்த விலக்கை மதிக்க வேண்டும். வேறு ஏணியே இல்லாத பிள்ளைக்குப் புகழும் ஓர் ஏணிதான். வீட்டில் ஏணி உள்ளவர்கள் அந்தக் காரணத்தை இரவல் வாங்கக் கூடாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. கல்வி ஆளையே மாற்றுகிறது. மாறிய பின் எது பொருந்தும் என்பதை மாறுவதற்கு முன் எப்படி அறிவது? உண்மைதான், முழுதாக அறிய முடியாது. ஆனால் நாளை நான் யாராவேன் என்பது தெரியாவிட்டாலும், அந்த இடம் என்னிடம் நாள்தோறும் எதைக் கேட்கும் என்பதை விசாரித்து அறியலாம். யார் கற்பிக்கிறார்கள், மாணவரின் தாளை யார் படிக்கிறார்கள், தவறினால் யார் தாங்குகிறார்கள், என்ன உண்டு எங்கே உறங்குவேன் என்பவை இன்றே விடை காணக்கூடிய கேள்விகள். பல்கலைக்கழகத்தின் பெயரை மறைத்துவிட்டு இவற்றுக்கு விடை தேடிப் பாருங்கள். அப்போதும் மனம் அந்த இடத்தையே நாடினால், தயங்காமல் போகலாம்.